காட்டைக் காப்பவர்க்குக் கைம்மாறு



காட்டை அழிப்பவரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. காட்டைக் காப்பவர்க்குக் கைம்மாறு அளிக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டாமா? இவ்வினாவை உலக நாடுகள் இருபது ஆண்டுகளாக மகாநாடுகளில் வைத்து ஆராய்ந்து வருகின்றன. அது ஏதோ தொலைதூர நாட்டு விவகாரம், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நமக்கு அதில் என்ன பங்கு என்று எண்ணிவிடலாகாது. நம் எல்லைப்புற ஊர்களின் கிணறும் ஏலாவும் மலைக்காட்டை நம்பியே இருப்பவை. ஆதலின் இப்பொருளை நம் ஊர்க் கண்கொண்டு சிறிது நோக்குவோம்.

முதலில் விஞ்ஞானம் கூறுவதைக் காண்போம். மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, அதிலுள்ள கரியைத் தன் உடலாக்கிக் கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. மரம் எரிக்கப்பட்டாலும், மட்கினாலும் அக்கரி மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. ஒரு டன் கரி சுமார் 3.67 டன் கரியமில வாயுவாக மாறும். அவ்வாயு மிகுந்தால் பூமியின் வெப்பம் மிகும், பருவமழை நிலைகுலையும், கடல் மட்டம் உயரும். 1990ஆம் ஆண்டு முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில் உலகம் 42 கோடி ஹெக்டேர் காட்டை அழித்து வேறு பயனுக்குக் கொண்டது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. புகைபோக்கிகளை மட்டும் அடக்கினால் போதாது, கோடரியையும் அடக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

எனினும் 1997இல் கியோட்டோ நகரில் உருவான உடன்படிக்கை இவ்விஷயத்தில் பாதி வழியே சென்றது. வளரும் நாடுகளில் புதிதாக மரம் நட்டால் அதைக் கணக்கில் கொள்ளலாம். இருக்கும் காட்டை அழியாமல் காத்தால் அதற்குக் கணக்கில்லை என்று 2001இல் மராக்கேஷில் விதிகள் வகுத்தனர். காத்ததை எவ்வாறு அளப்பது, ஓரிடத்தில் தடுத்த வெட்டு வேறிடத்திற்குப் பெயர்ந்தால் என் செய்வது, இன்று காத்த காடு நாளை எரிந்தால் யார் பொறுப்பு என்னும் ஐயங்களே அதற்குக் காரணம்.

2005இல் மாண்ட்ரியல் மகாநாட்டில் பாப்புவா நியூகினியும் கோஸ்டாரிக்காவும் இவ்வழக்கை மீண்டும் எழுப்பின. 2007இல் பாலித்தீவில் கூடிய மகாநாடு அதனை ஏற்று ஆராயத் தொடங்கிற்று. 2010இல் கான்கூன் நகரில் பாதுகாப்பு நெறிகளும், 2013இல் வார்சா நகரில் கணக்கிடும் முறைகளும் வகுக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஷரத்து இதனை உறுதி செய்தது. ‘ரெட் பிளஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் ஏற்பாடு இதுவே.

இதில் நம் நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் இத்திட்டம் காடழிவைக் குறைப்பவர்க்கு மட்டுமே கைம்மாறு அளிப்பதாக இருந்தது. நாள்தோறும் ஒரு குடம் கள்ளுண்டவன் அரைக்குடமாகக் குறைத்தால் அவனுக்குப் பரிசு. ஒருநாளும் கள்ளுண்ணாத அடுத்த வீட்டுக்காரனுக்கு ஒன்றுமில்லை என்றால் அது நியாயமாகுமா? 1980ஆம் ஆண்டிலேயே வனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய இந்தியா, காட்டைப் பேணுவதும் வளர்ப்பதும் அழிவைக் குறைப்பதற்கு இணையாகவே மதிக்கப்பட வேண்டும் என்று வாதாடிற்று. அவ்வாதம் வென்றதன் அடையாளமே அப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பிளஸ்’ என்னும் சொல். 2018இல் மத்திய அரசு இதற்கெனத் தேசியச் செயல்முறைத் திட்டம் ஒன்றையும் வெளியிட்டது.

இனிப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். 2008இல் பிரேசில் நாடு அமேசான் நிதியைத் தோற்றுவித்தது. நார்வே நூறு கோடி டாலர் தருவதாக வாக்களித்தது. அமேசானில் 2004இல் ஓராண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்த காடு, 2012இல் 5,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாயிற்று. பணம் மட்டும் செய்த வேலையன்று இது. செயற்கைக்கோள் கண்காணிப்பும், கடுமையான சட்டமும், பழங்குடியினர் நிலங்களை வரையறுத்ததும் சேர்ந்து செய்த வேலை. பின்னர் அரசியல் மாறிற்று, 2019இல் அந்நிதி முடங்கிற்று, அழிவும் பெருகிற்று. 2023இல் நிதி மீண்டும் உயிர்பெற்றது. அரசின் மனம் மாறினால் காட்டின் விதியும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

உலகப் பசுமைக் காலநிலை நிதி 2019இல் பிரேசிலுக்குச் சுமார் 9 கோடியே 65 லட்சம் டாலர் வழங்க இசைந்தது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு 5 டாலர் என்பதே அதன் அடிப்படை விலை. இவ்விலையை நம் ஊர் மரம் ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். உலர்ந்த நிலையில் இரண்டு டன் எடையுள்ள அயினி மரத்தில் சுமார் ஒரு டன் கரி இருக்கும், அது 3.67 டன் வாயுவுக்குச் சமம்; விலை 18 டாலர். அம்மரத்தை அறுப்பு மில்லுக்கு விற்றால் கிடைப்பது இதனினும் பன்மடங்கு என்பதை நம் ஊரில் யாரும் அறிவர். ஆகவே கரியின் விலை ஒன்றே மரத்தைக் காத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. காட்டின் நீருக்கும், மண்ணுக்கும், மருந்துக்கும் உரிய மதிப்பையும் உடன் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு நேராகும்.

அடுத்து, காடு என்பது எது என்னும் வினா. இது கேலிக்குரிய வினாவன்று. இந்திய வன அளவை நிறுவனத்தின் வழக்கப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்தில் ஒரு பங்கேனும் மரநிழல் இருந்தால் அது வனப்போர்வை. மரம் எவ்வகையானது, நிலம் யாருடையது என்பது கேள்வியில்லை. வெள்ளறடை முதல் விளவங்கோடு வரை மேடெல்லாம் ரப்பர் தோட்டம். பால்வெட்டு முடிந்து, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் அடியோடு வெட்டி மறுபடி நடப்படும் அத்தோட்டமும் செயற்கைக்கோளின் கண்ணுக்குப் பச்சைதான். கேரளத்தின் பரப்பில் பாதிக்கு மேல் வனப்போர்வை என்று அறிக்கை கூறுவதும், வனமென்று பதிவான நிலம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதும் இதனாலேயே.

ரப்பர் பயிரிட்டவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயிரமாயிரம் குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. ஆனால் அகத்தியமலைச் சோலையும் அரை ஏக்கர் ரப்பரும் ஒன்றல்ல. இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டமாக்குவதற்கு இந்நிதி பயன்படலாகாது என்று கான்கூன் நெறிகள் விதித்திருப்பதன் பொருள் இதுவே. 2005ஆம் ஆண்டு நிலையோடு ஒப்பிட 229 கோடி டன் கரியமில வாயுவை அடக்கவல்ல மரவளத்தை இந்தியா கூடுதலாக எட்டிவிட்டதென 2023ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கை பெருமையுடன் கூறுகிறது. அப்பெருமையில் எவ்வளவு சோலை, எவ்வளவு தோட்டம் என்று பிரித்துக் கேட்பது குடிமக்களாகிய நம் கடமை.

கசிவு என்னும் இடர் இன்னொன்று. நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958இல் அமைந்தது; பரப்பு 128 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரிச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் களக்காடு முண்டந்துறையையும் இணைத்து நிற்பது ஒரே மலை. ஒருபுறம் காவல் கடுமையாகி மறுபுறம் தளர்ந்தால் வாள் மறுபுறம் செல்லும். மொத்தத்தில் காற்றுக்கு லாபமில்லை. ஆகவே ஒரு மாநிலம் தனித்து நின்று கணக்கெழுதுவது போதாது. 2001இல் அமைந்து, 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இரு மாநிலங்களையும் தழுவியது. கூட்டுக் கணக்குக்கு அது நல்ல அடித்தளம்.

இங்கே நெய்யாற்றின் கதையை நினைவுகூர வேண்டும். அகத்தியமலைச் சாரலில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் கடலோடு கலக்கும் இவ்வாற்றின் இடதுகரைக் கால்வாய், முன்பு எல்லை கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 2004இல் அந்நீர் நின்றது. 2012இல் வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. மேலே காட்டைக் காப்பவர், கீழே நீரைத் துய்ப்பவர் ஆகிய இருவருக்குமிடையே தெளிவான ஒப்பந்தம் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. நார்வேக்கும் பிரேசிலுக்கும் இடையே வேண்டுவது எதுவோ, அதுவே ஒரே ஆற்றின் இரு கரையார்க்கும் வேண்டும்.

யாவற்றினும் பெரிய வினா, கைம்மாறு யார் கைக்குச் சேரும் என்பதே. நம் மலையின் காணி மக்கள் இதற்குப் பாடம் தந்துள்ளனர். 1987இல் மலையேறிய விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணியர் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தைச் செய்தது. அவ்வுரிமைக்குக் கிடைத்த தொகையில் பாதி காணியருக்கென ஒதுக்கப்பட்டது. அதைப் பெற 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறநிதியம் பதிவாயிற்று. உலகமே வியந்து பேசிய முன்மாதிரி அது. ஆயினும் காப்புக்காட்டில் இலையைப் பறிப்பதற்கு வனச்சட்டம் குறுக்கே நின்றது. மருந்துக்குப் போதிய இலை கிடைக்கவில்லை. பங்கு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, நிலத்தின்மீது உரிமையும் வேண்டும் என்பது இதன் பாடம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவ்வுரிமைக்கு வழி வகுத்துள்ளது. அதனை முழுமையாக நிறைவேற்றிய பின்னரே கரிக்கணக்கு எழுதப்பட வேண்டும்.

மேகாலயத்தின் காசி மலையில் பத்து ஹிமாக்கள், அதாவது பாரம்பரிய ஆட்சிக் கூட்டங்கள், ஒன்றுகூடித் தம் காட்டைத் தாமே காத்து, தீத்தடுப்புப் பாதை வெட்டி, அதன் பயனைச் சமூகத்துக்கே சேர்க்கும் திட்டத்தை நடத்தி வருகின்றன. காடு மக்களுடையதாக இருந்ததால் அது கூடிற்று. இதற்கு மாறாக, உலகச் சந்தையில் தனியார் விற்ற கணக்குகள் பல பொய்த்தன. ஆறு நாடுகளில் 26 இடங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவை காடழிவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று கண்டது. எடைக்கல் பொய்யானால் தராசினால் என்ன பயன்?

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் வேறொரு நிதி தொடங்கிற்று. டன் கணக்கை விட்டு, நிற்கும் வெப்பமண்டலக் காட்டுக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் சுமார் 4 டாலர் தருவது, அதில் ஐந்தில் ஒரு பங்கேனும் பழங்குடியினருக்கும் காட்டோரச் சமூகங்களுக்கும் சேர்ப்பது என்பதே அதன் எண்ணம். அவ்வளவை நம் நெய்யாறு சரணாலயத்தோடு வைத்துப் பார்த்தால், 12,800 ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 51,200 டாலர். அதில் மக்களின் பங்கு பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல். பெருந்தொகையன்று. ஆயினும் கள்ளுண்ணாதவனுக்கும் பரிசு என்னும் நியாயம் அதில் ஏறியிருக்கிறது.

நேயர்களே, எதிர்காலத்தில் இத்தகைய திட்டம் ஏதேனும் நம் மலைக்கு வருமாயின், நாம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. காடென்று கணக்கெழுதியது சோலையையா, தோட்டத்தையா? எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே கணக்கா? காணி மக்களின் உரிமை எழுத்தில் உள்ளதா? பணம் எந்தக் கைவழியே, எந்தக் கிராமசபையின் அறிவோடு வருகிறது? இந்நான்கிற்கும் நேரிய விடை கிடைத்தால் அத்திட்டத்தை வரவேற்போம். கிடைக்காவிடில் விடை கிடைக்கும்வரை கேட்போம்.

களியக்காவிளையில் எல்லைக்கோடு சாலையைப் பிரிக்கிறது. மலைமேல் தவழும் மேகத்துக்கு அக்கோடு தெரியாது. அம்மேகம் நிற்பதற்குக் காடு வேண்டும். காடு நிற்பதற்கு அதைக் காப்பவர் வயிறு நிறைய வேண்டும். உலக மகாநாடுகளின் நீண்ட தீர்மானங்கள் யாவும் சென்று சேர வேண்டிய இடம் இதுவே.