சைவம் சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, வட்டி, தீர்மான நோட்டு என்றால் நான் பேசிவிடுவேன். இன்னைக்கு உடம்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. என் உடம்புக்கு நடந்ததையே சொல்றேன்.

நான் இருபது வருஷமா சைவம். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துட்டு வந்த அன்னைக்கு விட்டேன். வள்ளலார் 1867ல் தொடங்கின தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது இன்னும் நினைவில் இருக்கு. வீட்டில் மத்தவங்க எல்லாரும் கறி மீன் சாப்பிடுவாங்க. நானே ஆக்கிப் போடுவேன். எனக்குத் தனியா ரசம், ஒரு துவையல். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சில வருஷம் முன்னாடி பாதம் மரத்துப்போக ஆரம்பிச்சது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. நாக்கு எரியும். கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எண்ணே மறந்துபோகும். மாடிப்படி நாலு ஏறினா மூச்சு வாங்கும். டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். “கறி மீன் சாப்பிடுவியா?” என்றார். “இல்லைங்க” என்றேன். “அப்புறம் எப்படி ரத்தம் ஊறும்? முட்டையாவது சாப்பிடு” என்று சொல்லி, ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. என் விரதத்தையே திட்டினது மாதிரி இருந்தது. கோபத்தில் ஒரு வருஷம் எந்த டாக்டரிடமும் போகலை. அது நான் செஞ்ச தப்பு.

அடுத்து ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். அவங்களும் அதே கேள்விதான் கேட்டாங்க. சைவம்னு சொன்னேன். “சரிம்மா. பால், தயிர் எவ்வளவு சாப்பிடுறே?” என்றாங்க. “வீட்டில் கறவை மாடு இருக்குங்கம்மா” என்றேன், பெருமையா. “மாடு இருக்கட்டும். நீ குடிக்கிறியா?”

எனக்குப் பதில் வரலை. அந்த மாடு நம்ம குழுக் கடனில் வாங்கினது. காலையிலும் சாயங்காலமும் கறந்த பால் அப்படியே சொசைட்டிக்குப் போகும். சின்னப் பிள்ளைக்கு ஒரு டம்ளர், வீட்டுக்காரருக்கு டீக்குக் கொஞ்சம். எனக்குக் கடுங்காப்பி. தவணை ஒருநாளும் தவறினது இல்லை. ஆனா என் நாக்கில் பால் பட்டு எத்தனை மாசம் ஆச்சுன்னு எனக்கே தெரியலை.

சோதனை எடுத்ததில் ஹீமோகுளோபின் 8.4. பி12 என்கிற சத்து ரொம்பக் கீழே. அந்த டாக்டர் விரதத்தை விடச் சொல்லலை. “உன் சாப்பாடு உன் இஷ்டம். அதில் இல்லாததை மருந்தாக் கொடுக்கிறது என் வேலை” என்றாங்க. ஊசி போட்டு, அப்புறம் மாத்திரை. களைப்பு போச்சு, நாக்கு எரிச்சல் போச்சு. ரெண்டு கால் விரல் மட்டும் இன்னும் மரத்தேதான் இருக்கு. கோபத்தில் கழிச்ச அந்த ஒரு வருஷத்துக்கு நான் கட்டின வட்டி அது.

அவங்க விளக்கினதை உங்களுக்கும் சொல்றேன். பி12 சத்து செடி கொடியில் கிடையாது. கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் இருக்கு. நாளைக்குத் தேவை ரெண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல். கால் லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும். பழைய சோறு நல்லதுதான், முருங்கைக் கீரையும் நல்லதுதான். பி12க்கு மட்டும் அதுகளை நம்ப முடியாது. சத்து ரொம்பக் குறைஞ்ச பிறகு பால் மட்டும் போதாது, மருந்து வேணும். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிடுறவங்களுக்கும் பி12 குறையலாம். அவங்க கறி சாப்பிடுறவங்களா இருந்தாலும்தான். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு. ரத்தச்சோகைன்னா கறி சாப்பிடாததுதான் காரணம்னு நினைக்காதீங்க. 2014ல் அரசு எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் சைவம் நூத்துக்கு ரெண்டு மூணு பேர்தான். ஆனா 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம்ம மாநிலத்தில் 15 வயசிலிருந்து 49 வயசு வரை உள்ள பெண்களில் நூத்துக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. அப்போ கறி ஆக்குற வீட்டில் கறி யார் தட்டுக்குப் போகுது? கடைசியா உட்காருற நமக்குக் குழம்பும் எலும்பும். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி, அமாவாசை என்று பாதி நாள் நாம எல்லாருமே சைவம்தான்.

சாப்பாட்டைக் கேட்டு வைத்தியம் பார்க்கிறது புதுசு இல்லை. லூசி வில்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928 வாக்கில் இந்தியாவுக்கு வந்தாங்க. பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தச்சோகையை ஆராய்ஞ்சாங்க. நம்ம குன்னூரிலும் வேலை செஞ்சிருக்காங்க. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுறாங்கன்னு பார்த்தாங்க. அப்போ இந்த மாதிரி நோய்க்கு ஈரலைத்தான் மருந்தாக் கொடுப்பாங்க. ஈஸ்ட் சாறு கொடுத்தாலும் குணமாகுதுன்னு 1931ல் எழுதினாங்க. அதில் இருந்த சத்துதான் போலிக் அமிலம். 1941ல் அதைக் கீரையில் இருந்து பிரிச்சு எடுத்தாங்க. இன்னைக்குக் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்து இருக்கிறது அதுதான். அந்த மாத்திரையைப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க. ஆனா ஒண்ணு, பி12 குறைஞ்சவங்களுக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தா ரத்தம் தேறினது மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். அதனால கால் மரத்துப்போறதைச் சொல்லாம விடக்கூடாது.

டாக்டர்கிட்ட போனா என்ன சொல்லணும்? “நான் சைவம்” என்பதோட நிறுத்தக் கூடாது. எத்தனை வருஷமா, பால் தயிர் நிஜமா எவ்வளவு, முட்டை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுறோம், எல்லாத்தையும் சொல்லணும். இல்லாததை இருக்குன்னு சொல்லக் கூடாது. கை கால் மரத்தா, “பி12 பார்க்கணுமாங்க?” என்று கேட்கணும். கேப்சூல் உறை பெரும்பாலும் மாட்டுத் தோல், எலும்பில் இருந்து எடுக்கிற ஜெலட்டின். அது மனசுக்கு ஒப்பலைன்னா தூக்கிப் போடாம, “மாத்திரையா எழுதித் தாங்க” என்று கேளுங்க. டாக்டர் கடிஞ்சு பேசினா வேற டாக்டரைப் பாருங்க. வைத்தியத்தை விட்டுடாதீங்க.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கு. கம்பு நம்ம மண்ணில் விளையுது, அரிசியை விட இரும்புச் சத்து பல மடங்கு. கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்குங்க, இரும்புச் சத்து நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ, காப்பி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தா ரத்தச்சோகை, கர்ப்பிணிக்கு 11. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

கடைசியா ஒரு கோரிக்கை. மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எழுதின பிறகு, “யாருக்கு ரத்தம் பார்த்தாச்சு?” என்று ஒரு வரி தீர்மான நோட்டில் எழுதுவோம். மாட்டுக் கடன் வாங்கினவங்க கேனில் ஊத்துறதுக்கு முன்னாடி தனக்குன்னு ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கட்டும். நான் எடுத்து வைக்கிறேன். தவணை இன்னும் தவறலை.