பாமரன் கேட்ட இசைத்தட்டுகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இசையைப் பற்றிப் பேசுவோர் இசைவாணராக இருத்தல் மரபு. இம்முறை அம்மரபைச் சற்றே விலக்கி, சரளி வரிசையும் பயிலாத ரயில்வே எழுத்தர் ஒருவரைச் செயற்குழுவினர் மேடையேற்றியிருக்கின்றனர். இசையுலகில் பாடுவோர் சிலர், ஆராய்வோர் அவரினும் சிலர், கேட்போரோ பலர். அப்பலருள் ஒருவர் தம் செவிக்கு எட்டியதை எடுத்துரைப்பதும் பயனுடையதாகலாம் என்று எண்ணி இப்பணியை ஏற்றோம்.

நம்மிடையே இரு குரல்கள் அடிக்கடி எழுகின்றன. "எங்களுக்குச் சங்கீத ஞானம் கிடையாது, நாங்கள் வந்து என்ன கேட்பது?" என்பது இளைஞர் குரல். "நமக்கு நம் சங்கீதம் போதும், பிறருடையது எதற்கு?" என்பது முதியோர் சிலரின் குரல். முன்னது கூச்சத்தில் பிறந்தது. பின்னது பற்றில் பிறந்தது. ஆயினும் இரண்டின் விளைவும் ஒன்றே. செவியின் கதவு சாத்தப்படுகிறது. பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, வங்க மக்களிடையே குடியிருக்கும் நமக்கு இது சிறிய இழப்பன்று. பல்லாண்டுகள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் அண்டை வீட்டாரின் பாட்டு இன்னதென அறியாமலே இருந்துவிடுதல் அழகாகுமா? ஆகவே, பாமரன் ஒருவன் பலவகை இசையையும் எவ்வாறு கேட்கலாம் என்பதைச் சில இசைத்தட்டுகளைக்கொண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலில் இசைத்தட்டின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1902 ஆம் ஆண்டில் இந்நகரிலேதான் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் தட்டில் பதிவாயிற்று. ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் பாட்டைச் சுருக்கிப் பாடி, இறுதியில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவித்தார் அவ்வம்மையார். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அக்காலத் தட்டில் அவ்வளவே இடம். நீண்ட இசையைப் பதிப்பதாயின் பல தட்டுகள் வேண்டும். அவற்றை நிழற்படங்களை வைக்கும் ஏடு போன்ற உறைகளில் செருகி விற்றனர். 'ஆல்பம்' என்ற பெயர் இசைக்கு வந்தது அவ்வழியே. 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், பக்கம் ஒன்றுக்கு இருபது நிமிடத்துக்கும் மேலாக ஒலிக்கும் எல்.பி. தட்டை வெளியிட்டது. அதன்பின், எதனை முதலில் வைப்பது, எதனை இறுதியில் வைப்பது என்று கலைஞர்கள் எண்ணிப் பார்க்கலாயினர். தனித்தனிப் பாட்டாக இருந்தது, தொடக்கமும் முடிவும் உடைய ஒரு முழுமையாயிற்று.

இன்று கைப்பேசியில் எல்லா இசையும் கிடைக்கிறது. எனினும் ஒரு பாட்டின் நடுவில் நுழைந்து மறு பாட்டின் நடுவில் வெளியேறுகிறோம். இது, சென்னையிலிருந்து வரும் ஹௌரா மெயிலில் விஜயவாடாவில் ஏறி, ராஜமந்திரியில் இறங்கிவிட்டு, இடைப்பட்ட நாடெல்லாம் கண்டுவிட்டோம் என்பதை ஒக்கும். பாமரனுக்கு நாம் பரிந்துரைக்கும் விதி மிக எளியது. ஓர் ஆல்பத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும். மும்முறை கேட்டபின்னரே கருத்துரைக்க வேண்டும். அதன்பின் உரைக்கும் கருத்து எதுவாயினும் அஞ்ச வேண்டியதில்லை.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் 1963 இல் இசைத்தட்டாக வெளிவந்தது. தமிழர் இல்லங்களில் இதனை அறியாதார் இல்லை. ஆனால், இதனை அமர்ந்து கேட்டோர் எத்தனை பேர்? பல் துலக்கும்போதும் காப்பி கலக்கும்போதும் நம் காதில் விழுவதே அதற்கு நாம் தரும் மரியாதை. ஏறத்தாழ இருபது நிமிடம் ஒதுக்கி ஒருநாள் கேட்டுப் பாருங்கள். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்று நான்கு பகுதிகள். துயிலெழுப்புதல், போற்றுதல், அடைக்கலம் புகுதல், வாழ்த்துதல் என்று ஒன்றிலிருந்து ஒன்று படியேறிச் செல்கின்றன. எத்தகைய சங்கதிகளையும் எளிதில் பொழியவல்ல குரல் அது. அக்குரல் இங்கே ஓரிடத்திலும் தன் வல்லமையைக் காட்ட முற்படவில்லை. சொல்லை முன்னே விட்டுத் தான் பின்னே நடக்கிறது. இந்த அடக்கமே இத்தட்டின் பெருமை என்பது நம் கருத்து. நன்கு பழகிய இசையே நாம் நன்கு கேளாத இசையாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

அடுத்து வடநாட்டு இசை. 1967 இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி', அதாவது 'பள்ளத்தாக்கின் அழைப்பு', என்னும் தட்டில் சிவகுமார் சர்மா சந்தூரும், ஹரிப்ரசாத் சௌராசியா புல்லாங்குழலும், பிரிஜ்பூஷண் காப்ரா கிட்டாரும் வாசித்தனர். காச்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள் வாழ்வு, வைகறை முதல் இரவு வரை, ராகங்களாக விரிகிறது. நம் சக்கரவாகத்தை ஒத்த ஆஹிர் பைரவில் பொழுது புலர்கிறது. நம் மோகனமாகிய பூப் ராகமும் பின்னர் வருகிறது. காச்மீரத்து சூபியானா இசையில் வழங்கிவந்த சந்தூரை சாத்திரிய சங்கீத மேடைக்கு உயர்த்தியவர் சிவகுமார் சர்மா. ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு பொழுது உண்டு என்னும் இந்துஸ்தானிக் கொள்கையை நூல் படித்து விளங்கிக்கொள்ளுதல் அரிது. இத்தட்டைக் கேட்டால் எளிது. இடையனின் கதை, முதன்முறை கேட்போர்க்கு ஊன்றுகோலாகும். மும்முறை கேட்டபின் கோலை வைத்துவிட்டு நடக்கலாம். வடநாட்டு இசையென்றாலே அயரும் அன்பர்களுக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இதனையே.

இனிக் கடல் கடந்து செல்வோம். நியூயார்க் நகரத்தின் 30 ஆம் தெருவில், முன்னாளில் தேவாலயமாக இருந்த கட்டடம் ஒன்றைக் கொலம்பியா நிறுவனம் ஒலிப்பதிவுக்கூடமாகக் கொண்டிருந்தது. அக்கூடத்தில் பிறந்த இரு வேறு இசைகளைக் கூறுவோம்.

முதலாவது, எக்காள வித்தகர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினருடன் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. இது ஜாஸ் இசை. ஜாஸ் என்றால் இரைச்சல் என்று எண்ணுவோர் இதனைக் கேட்க வேண்டும். அவர் தம் தோழர்களுக்கு விரிவாக எழுதிய இசையை அளிக்கவில்லை. குறிப்புகளை மட்டுமே அளித்தார். ஒரு சுர வரிசையை எடுத்துக்கொண்டு, விரைந்து வேறிடம் தாவாமல், அதனுள்ளேயே உலாவும் முறையை இதில் கையாண்டனர். கடைசி உருப்படியில், ஐந்து சுர வரிசைகளில் ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் தமக்கு வேண்டுமளவு தங்கிச் செல்கிறார். ஆலாபனை கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது அந்நியமாகாது. நம் ராகமும் அவர்களின் சுர வரிசையும் ஒன்று என்று சொல்லவில்லை. அவசரமின்மை இரண்டுக்கும் பொது என்கிறோம்.

இத்தட்டைப் பற்றிய செய்தி ஒன்று பாமரருக்கு ஆறுதலளிப்பது. முதல்நாள் பதிவின்போது ஒலிநாடாப் பொறி சற்றே மெதுவாக ஓடியது. அதனால் முதற்பக்கத்து உருப்படிகள் மூன்றும் தட்டில் உரிய சுருதியினும் சிறிது உயர்ந்தே ஒலித்தன. 1990களின் மறுபதிப்புகளிலேதான் இது திருத்தப்பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அத்தட்டைச் சுருதி உயர்ந்தபடியே கேட்டு இன்புற்றது. நுட்பம் அறிதல் நன்று. அறிந்தால்தான் இன்புற முடியும் என்பதில்லை.

அக்கூடத்தின் இரண்டாவது இசை, ஐரோப்பிய சாத்திரிய இசை. 1741 இல் அச்சான பாக் என்பாரின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்', ஒரு மெட்டும், அதனடியாகப் பிறந்த முப்பது உருமாற்றங்களும், இறுதியில் மீண்டும் அம்மெட்டும் கொண்டது. கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்டு இதனை 1955 இல், தம் 22 ஆம் வயதில் பதிவு செய்தார். அதே கூடத்தில் 1981 இல் மீண்டும் பதிவு செய்தார். முதற்பதிவு ஏறத்தாழ 38 நிமிடம். இரண்டாவது ஏறத்தாழ 51 நிமிடம். இரண்டாவது பதிவு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. அக்டோபர் 4 இல் அவர் மறைந்தார். இளமைப் பதிவு நம்மை வியக்க வைக்கிறது, விரல்கள் பறக்கின்றன. முதுமையை எட்டாமலே முதிர்ந்த அப்பிற்காலப் பதிவோ நம்மை அமர வைக்கிறது. பியானோவினூடே அவர் தம்மை மறந்து முனகிப் பாடுவதும் கேட்கிறது. நம் வாக்கு இரண்டாவதற்கே. ஒரே நூலை இருபத்தைந்தில் படிப்பதும் ஐம்பதில் படிப்பதும் ஒன்றாகா என்பதை இவ்விரு பதிவுகளைப்போல் வேறெதுவும் நமக்கு உணர்த்தவில்லை.

எல்லாவற்றையும் புகழ்வது கேட்போர்க்கு அழகன்று. ஆகவே கிழக்கும் மேற்கும் கூடிய தட்டுகள் இரண்டை ஒப்பிடுவோம். 1967 இல் பண்டிதர் ரவிசங்கரும் வயலின் மேதை யெஹுதி மெனுஹினும் சேர்ந்து 'வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்' தட்டை வெளியிட்டனர். அது அமெரிக்காவின் கிராமி விருதும் பெற்றது. இருவர்பாலும் நமக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும், பிறர் வீட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தை எடுக்கும் விருந்தினரைப்போல் மெனுஹினின் வயலின் மிகுந்த கவனத்துடனே நடக்கிறது. மரியாதை நிரம்பியிருக்கிறது, உரையாடல் குறைவு.

1976 இல் வெளிவந்த 'சக்தி'யோ வேறு வகை. ஆங்கிலேயராகிய ஜான் மெக்லாலின் கிட்டாரும், எல். சங்கர் வயலினும், ஜாகிர் உசேன் தபலாவும், விக்கு விநாயக்ராம் கடமும், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கமும் வாசித்தனர். 1975 இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அவையோர் முன்னிலையில் பதிவானது. முதல் உருப்படியே பதினெட்டு நிமிடம். இங்கே விருந்தினர் எவருமில்லை; எல்லாரும் வீட்டார். வடநாட்டுத் தபலாவும் தென்னாட்டுக் கடமும் வினாவும் விடையுமாக ஓடும்போது, மண்பானைக்கு இத்தனை மொழி தெரியுமா என்று வியக்கிறோம். வேகம் மிகுந்து சிற்சில இடங்களில் மூச்சு முட்டுகிறது என்ற குறையும் நமக்குண்டு. ஆயினும், பிறர் இசையோடு கூடுவதற்கு நம் இசையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை முதியோர் இத்தட்டில் காணலாம்.

இறுதியாக, நாம் வாழும் மண்ணின் இசை. 1992 இல் சுமன் சட்டோபாத்யாய், இன்று கபீர் சுமன் என வழங்கப்பெறுபவர், 'தோமாகே சாய்' என்னும் ஆல்பத்தை வெளியிட்டார். 'நீயே எனக்கு வேண்டும்' என்பது அதன் பொருள். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒடுங்கும் குடும்பமும், வானில் பறக்கும் பட்டத்தை ஏக்கத்துடன் நோக்கும் ரிக்‌ஷாச் சிறுவனும் அதில் பாட்டாயினர். ஒருமுறை சொல் விளங்காமல் கேளுங்கள்; மறுமுறை அண்டை வீட்டு வங்காளியை அருகிலமர்த்திப் பொருள் கேட்டுக் கேளுங்கள். ஆல்பம் ஒன்று அறிமுகமாவதோடு, அண்டை வீட்டாரும் அறிமுகமாவார். மொழி தெரியாமை தடையன்று; கேட்பதற்கு அதுவே நல்ல சாக்கு.

இவ்வழி புதியதுமன்று. முத்துசுவாமி தீட்சிதர் மதுரை மீனாட்சியம்மையின்மேல் பாடிய கீர்த்தனையின் மெட்டைக் கேட்டு மகிழ்ந்து, அதனை ஒட்டி வங்கப் பாட்டொன்றை யாத்தார் கவி தாகூர். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைத் தாமே இயற்றிய பெருங்கவிஞருக்கு மெட்டுக்கா பஞ்சம்? ஆயினும் தெற்கிலிருந்து வந்த இசைக்குச் செவி சாய்த்தார். அவர் நமக்குச் செய்ததில் பத்தில் ஒரு பங்கையேனும் நாம் அவர் மண்ணுக்குச் செய்ய வேண்டாமா?

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் மன்றத்தில் ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து இறுதிவரை ஒலிக்கச் செய்வோம். ஒரு மாதம் நம் இசை, ஒரு மாதம் வங்க இசை, ஒரு மாதம் பிறநாட்டிசை என்று முறை வைத்துக்கொள்வோம். முன்னுரை வேண்டா, சொற்பொழிவு வேண்டா. கேட்டபின் விரும்புவோர் கருத்துரைக்கட்டும். அங்கே ராகத்தின் பெயர் அறியாத சிறுவன் முதலில் பேசட்டும். வித்துவான் கடைசியில் பேசட்டும். செலவு சிறிது, ஒரு ஒலிபெருக்கியும் ஒரு மணி நேர மௌனமும் போதும். இவற்றுள் இரண்டாவதுதான் நம் சங்கத்தில் கிடைத்தற்கரியது! அதனையும் முயன்று பெறுவோமாக.