உடன் நடப்பவர்கள்

(பங்கு ஜூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஜூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. கோவிலைக் கட்டி எழுப்பியவர்களையும், குருக்களையும், கன்னியரையும், உபதேசியார்களையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நமது விசுவாசத்துக்கு வேறு சிலரும் காரணம்: ஜெபம் சொல்லிக்கொடுத்த அமுச்சி, துன்பத்தில் வந்து நின்ற பக்கத்து வீட்டார், வேலையில் உடனிருந்த நண்பர். அவர்களைப் பற்றியே இன்று சில வார்த்தைகள்.

நம் தமிழகத்திலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. பிடிபட்ட தளபதி தெ லன்னாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சி கொடுப்பவரானார். அதே அரசில் அதிகாரியாயிருந்தவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. வேலையால் வந்த பழக்கம் நட்பாயிற்று.

நீலகண்டருக்குத் துன்பகாலம் வந்தது. மாடுகள் மடிந்தன; விளைச்சல் பொய்த்தது. முகம் வாடியிருந்த நண்பரிடம் தெ லன்னாய் காரணம் கேட்டார். யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். அந்த யோபுவுக்கும் நண்பர்கள் இருந்தார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல துணை. பிறகு வாய் திறந்து, எல்லாம் உன் பாவத்தால் வந்தது என்று குற்றம் சாட்டினார்கள். அது வெந்த புண்ணில் வேல். தெ லன்னாய் வேல் பாய்ச்சவில்லை, ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் நீலகண்டரை மேலும் கேட்டறியத் தூண்டியது. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு புத்தாரி அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

பெற்றதை அவர் தமக்குள் பூட்டி வைக்கவில்லை. எல்லாச் சாதியாரோடும் சரிசமமாய்ப் பழகினார். பலருக்கு அது பொறுக்கவில்லை. 1749-ல் சிறைப்பட்டார். விலங்கோடு இருந்தபோதும் தம்மைக் காண வந்தோருக்கு ஆறுதல் கூறினார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் வேதசாட்சியாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழும்பிய கோவிலில், ஒரு சாதியாரை மற்றொரு சாதியாரிடமிருந்து பிரிக்கச் சுவர் நின்றது. 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. உலகுக்குப் புளிப்பு மாவாக இருக்க வேண்டியவர்களையே உலகம் புளிக்க வைத்துவிட்டது! நாம் பிறரை மாற்றாவிட்டால், பிறர் நம்மை மாற்றிவிடுவார்கள். இடிந்தது கல் சுவர். பந்தியிலும் கல்யாணப் பேச்சிலும் நிற்கிற சுவரை யார் இடிப்பது?

அமராவதிக் கரையிலிருந்து நம் பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் நம்மோடு இருக்கும் நேரத்தைவிட மெஷின் அருகே உட்காரும் நேரமே அதிகம். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்ததும் மதுக்கடைக்கு அழைக்கும் தோழனும் அங்கே உண்டு; வீட்டுக்கு அனுப்பினாயா என்று கேட்கும் தோழனும் உண்டு. பெற்றோரே, பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பது போல, அவன் கூட்டாளி யார் என்றும் கேளுங்கள்.

இளைஞரே, உங்கள் அருகே பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளி இருப்பார். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொடுக்க அவருக்கு இங்கே யார்? நம் மொழி தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். தெ லன்னாயும் கடல் கடந்து வந்த அந்நியரே. பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. வாடிய முகத்தைக் கண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டால் போதும். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

நாம் எத்தனை பேருக்கு நல்ல துணையாய் இருந்தோம் என்ற கணக்கே இந்த ஜூபிலியில் ஆண்டவர் திருமுன் வைக்கத் தகுந்த காணிக்கை.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.