ஆற்றுக்குள் கப்பலை அழைத்து வருபவர்



பைலட் என்றால் விமானம் ஓட்டுபவர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். துறைமுகத்திலும் பைலட் உண்டு. கடலில் வந்து நிற்கும் கப்பலைப் பத்திரமாக உள்ளே அழைத்து வருவது அவர் வேலை.

கப்பலில்தான் கேப்டன் இருக்கிறாரே, இன்னொருவர் எதற்கு? கேப்டன் பல கடல்களைப் பார்த்தவர். ஆனால் இந்தத் துறைமுகத்தில் மணல் மேடு எங்கே, நீரோட்டம் எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும்? அது இங்கேயே பழகியவருக்குத்தான் தெரியும்.

கொல்கத்தாவைப் பாருங்கள். அந்தத் துறைமுகம் கடற்கரையில் இல்லை. ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. பைலட் 200 கிலோமீட்டருக்கும் மேல் கப்பலை நடத்தி வர வேண்டும். ஆற்றில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். இன்றைய பள்ளம் நாளை மேடாகலாம். அங்கே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு மணல் திட்டு உண்டு. 1694-இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயர்தான் அது. சில நாட்களில் கடல் நீர் சுவர் போல எழுந்து ஆற்றில் ஏறி வரும். வங்காளிகள் அதை 'பான்' என்பார்கள். அது வரும் நேரமும் பைலட்டுக்குத் தெரிய வேண்டும்.

கப்பலில் ஏறுவதே பெரும்பாடு. சிறு படகில் போய், கயிற்று ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். படகும் ஆடும், கப்பலும் ஆடும். இரவானாலும் மழையானாலும் ஏறித்தான் ஆக வேண்டும். கால் தவறி விழுந்து இறந்தவர்களும் உண்டு.

இதற்கு என்ன படிக்க வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். நுழைவுத் தேர்வு எழுதிக் கடல்சார் கல்லூரியில் சேரலாம். ஓராண்டு டிப்ளமோ உண்டு, மூன்றாண்டுப் பட்டமும் உண்டு. பிறகு கப்பலில் பயிற்சி. அதன் பின் செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர் என்று மூன்று தேர்வுகள். நடுநடுவே கடலில் வேலை பார்க்க வேண்டும். எல்லாம் முடியப் பத்து ஆண்டு போல ஆகிவிடும். பெரும்பாலான துறைமுகங்களில் மாஸ்டர் சான்றிதழ் இருந்தால்தான் பைலட் வேலைக்கு எடுப்பார்கள். அப்போதும் உடனே கப்பலைக் கையில் கொடுப்பதில்லை. மூத்த பைலட்டுடன் பல கப்பல்களில் போய்ப் பழக வேண்டும். தேர்விலும் தேற வேண்டும். முதலில் சிறிய கப்பல், பிறகுதான் பெரியது.

கொல்கத்தாவின் வழி சற்று வேறு. இளைஞர்களைச் சேர்த்து ஆற்றிலேயே பல ஆண்டுகள் பழக்குவார்கள். சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நாஹா 2011-இல் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். 2018-இல் பைலட் ஆனார். இந்தியாவில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

வீட்டில் பிள்ளை ஆசைப்பட்டால் முதலில் கண்ணைச் சோதியுங்கள். கப்பலின் இடப் பக்கம் சிவப்பு விளக்கு, வலப் பக்கம் பச்சை விளக்கு. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு இந்த வேலை கிடைக்காது. பணம் கட்டிய பிறகு இது தெரிந்தால் என்ன பயன்? கப்பல் வேலை வாங்கித் தருவதாகத் தரகர்கள் வருவார்கள். அவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த கல்லூரிதானா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.