ஆயனின் குரலும் அன்னியர் குரலும்



பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறை நல்லாயன் ஞாயிறாகச் சிறப்பிக்கிறோம். இறையழைத்தலுக்காக உலகத் திருஅவை செபிக்கும் நாளும் இதுவே. நல்ல மேய்ப்பர்களைத் தரும்படி மன்றாடும் இந்நாளில், மேய்ப்பர்களால் காயப்பட்டவர்களையும் நினைப்பது நம் கடமை.

ஆடுகளுக்குத் தம் ஆயனின் குரல் தெரியும், அன்னியரின் குரலைக் கேட்டால் அவை ஓடிப்போகும் என்கிறார் இயேசு (யோவான் 10:1-10). ஆனால் அன்னியர் ஆயனின் பெயரிலேயே பேசினால் என்ன செய்வது? கடவுளின் பெயரைச் சொல்லி ஒருவருடைய மனச்சான்றைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வதையே ஆன்மிக முறைகேடு என்கிறோம்.

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு மற்றவர்களும் ஒரே குடும்பமாக வாழும் லார்ஷ் இல்லங்களை, 1964-இல் பிரான்சில் தொடங்கியவர் ழான் வனியே. அவரை வாழும் புனிதராகவே பலர் கருதினர். அவர் இறந்த மறு ஆண்டு, 2020-இல், லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு வெளிவந்தது. ஆன்ம வழிகாட்டுதல் தேடி வந்த பெண்களை, செபத்தின் பெயராலேயே அவர் தகாத உறவுக்குள் இழுத்திருந்தார். அத்தகைய நிலைக்கு உள்ளான பெண்கள் குறைந்தது 25 பேர் என்றது 2023-இல் வந்த அறிக்கை. அவருடைய ஆன்ம குருவான தோமஸ் பிலிப் என்ற தொமினிக்கன் துறவியை, இத்தகைய குற்றங்களுக்காகத் திருஅவை 1956-லேயே தண்டித்திருந்தது. இருந்தும் அத்தீமை ஓயவில்லை. இத்தனை நற்பணி செய்பவரைச் சந்தேகிக்க எவருக்கும் மனம் வரவில்லை.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு பெரிதாக வெளியே தெரிவதில்லை. பங்கிலும், துறவற இல்லத்திலும், செபக்குழுவிலும் சின்னச் சொற்களில் வரும். "சாமியை எதிர்த்துப் பேசினால் சாபம் பிடிக்கும்." "நோய் தீரவில்லையா? உன் விசுவாசம் போதாது." "நீ என்ன செய்யவேண்டுமென்று ஆண்டவர் என்னிடம் சொல்லிவிட்டார்." "இதை உன் வீட்டில் சொல்லாதே." இப்படிச் சொல்பவர் குருவாகவும் இருக்கலாம், பொதுநிலையினராகவும் இருக்கலாம்.

நல்லாயன் ஆடுகளைப் பின்னிருந்து விரட்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்து, முன்னே நடக்கிறார். ஆகவே ஒரு குரல் நம்மை அச்சத்தால் கட்டுகிறதா, வேறொருவரிடம் ஆலோசனை கேட்கவும் தடுக்கிறதா என்று பார்ப்போம். துறவியர் தம் மனச்சான்றைத் தம்மிடம் திறந்து காட்டும்படி தலைவர்கள் எவ்விதத்திலும் தூண்டக்கூடாது என்று திருஅவைச் சட்டத்தின் 630-ஆம் எண் தடை செய்கிறது. உள்ளத்தின் அந்த அறை கடவுளுக்குரியது. கீழ்ப்படிதல் என்ற பெயரில் எவரும் அதன் கதவை உடைக்க முடியாது.

காயப்பட்டவர் வாய் திறக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "மன்னித்துவிடு", "திருஅவைக்குக் கெட்ட பெயர் வரும்" என்கிறோம். மன்னிப்பு காயம் ஆறும்போது கனியும் அருள். பேசுபவரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தலாகாது. முதலில் பொறுமையாகக் கேட்போம். காயப்படுத்தியவரிடமே அவரைத் தனியே திருப்பி அனுப்பாதிருப்போம். ஆயருக்கோ துறவற சபைத் தலைமைக்கோ எழுத்தில் முறையிட அவருக்குத் துணை நிற்போம். சிறார்மீது பாலியல் கொடுமை என்றால், இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும். மறைமாவட்ட விசாரணை அதற்கு ஈடாகாது.

கோவில் வாசலை மிதிக்கவே நடுங்குபவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களை விசுவாசம் இழந்தவர்கள் என்று தீர்ப்பிடாதிருப்போம். தங்களையே மேய்த்துக்கொண்ட ஆயர்களிடமிருந்து மந்தையை மீட்டு, சிதறியவற்றைத் தாமே தேடிச் செல்வதாக எசேக்கியேல் வழியாக ஆண்டவர் வாக்களித்தார் (34-ஆம் அதிகாரம்). அவர்களை அவர் இன்றும் தேடுகிறார். அவரோடு நாமும் செல்வோம்.

நல்லாயனாம் இயேசுவே, உம் பெயரால் காயப்பட்டவர்களை உம் கரங்களால் குணமாக்கும். உம் குரலை அறிந்துகொள்ளும் அருளையும், துன்புறுவோரின் குரலுக்குச் செவிகொடுக்கும் துணிவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.