முக்காலில் எத்தனை அரைக்கால்?



அரையைக் காலால் வகுத்தால் என்ன வரும் என்று தொடக்கப் பள்ளி மாணவரைக் கேட்டால், சிலர் ‘அரைக்கால்’ என்பர். வகுத்தால் எண் சிறுக்கும் என்பதே அவர்கள் அதுவரை கண்டது. சிலர் ‘இரண்டு’ என்பர். காரணம் வினவினால், ‘இரண்டாம் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்’ என்பர். அது ஏன் என்றால் விடையில்லை. முதற்பிள்ளை தவறாக எண்ணிற்று. மற்றது எண்ணவே இல்லை. இரண்டாவதன் நிலையே இரங்கத்தக்கது. அதன் விடைத்தாளில் திருத்துவதற்கு ஒன்றும் அகப்படாது.

வகுத்தல் என்பது, ‘இதனுள் அது எத்தனை முறை அடங்கும்?’ என்னும் வினா. பன்னிரண்டு மாம்பழத்தை நான்கு நான்காக எடுத்தால் மூன்று முறை. இரண்டும் மாம்பழமாதலின் இடரில்லை. முக்காலை அரைக்காலால் வகுக்கும்போதோ, ஒன்று நான்கிலொரு பங்குகளால் ஆனது. மற்றது எட்டிலொரு பங்கு. முக்காலை அதன் சமான பின்னமாகிய 6/8 என எழுதினால் இரண்டும் ஓரினம் ஆகிவிடும். ஆறில் ஒன்று ஆறு முறை அடங்கும், விடை 6. கீழே நிற்கும் எட்டு, மாம்பழம் என்பது போல ஒரு பெயரே.

எண்சுவடி பயின்ற பழைய தலைமுறையினர்க்கு இது புதிதன்று. மா என்பது 1/20, காணி 1/80, ஆகவே ஒரு மாவுக்கு நான்கு காணி. மாவும் காணியும் சேர்ந்த மாகாணியில் எத்தனை காணி என்றால், ‘ஐந்து’ என உடனே சொல்வர். அப்பெயரிலேயே வகுத்தல் அடங்கியிருக்கிறது.

மீதி வரும் இடத்தில்தான் ஆசிரியர் நிதானிக்க வேண்டும். முக்கால் லிட்டர் எண்ணெயை, லிட்டரில் மூன்றிலொரு பங்கு கொள்ளும் குப்பிகளில் ஊற்றுவதாகக் கொள்வோம். 9/12-ஐ 4/12-ஆல் வகுக்கிறோம். இரண்டு குப்பி நிரம்பும்; பன்னிரண்டிலொரு பங்கு மிஞ்சும். பிள்ளை 2 1/12 என்று எழுதிவிடும். மிஞ்சியது லிட்டர்க் கணக்கில் 1/12. குப்பிக் கணக்கிலோ, நான்கு பங்கு வேண்டிய இடத்தில் ஒரு பங்கு, அதாவது கால் குப்பி. கேட்டது குப்பியாதலின் விடை 2 1/4. கரும்பலகையில் பத்துமுறை எழுதுவதைவிட, தண்ணீரை ஒருமுறை ஊற்றிக் காட்டுவது மேல்.

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியார் (தீர்த்தங்கரருக்கும் இவருக்கும் பெயரொற்றுமை மட்டுமே) ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். அதை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தார். தலைகீழாக்கிப் பெருக்கும் விதி அந்நூலில் உண்டு. மீச்சிறு பொது மடங்கு கண்டு பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொணரும் வழியும் உண்டு. நாமோ வகுத்தல் என்றதும் முன்னதை மட்டும் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

இரவில் வீட்டுப்பாடம் சொல்லித்தரும் பெற்றோர் சில நாள் அவ்விதியை மறைத்து வைக்கலாம். சமான பின்னங்களால் பத்துக் கணக்குப் போட்டபின், 9 என்பது 3×3 என்றும், 4 என்பது 4×1 என்றும் பிள்ளையே காணும். ‘கீழே இருக்கும் பன்னிரண்டை எழுதாமலே விடலாமே’ என்று அது கேட்கும் நாளில் விதியைச் சொன்னால் போதும்.