அடைக்கலம்



சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அந்த அடைக்கலத்தைக் காக்க முடியாது போனதும் மாதரி தீயிற் புகுந்தாள். ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு அத்தனை பெறுமதி.

2009 வரையிலான இடப்பெயர்வுகளில் நாயை அவிழ்த்துவிட்டு நடந்த வன்னி மக்களுக்கு அதை ஒப்படைக்க ஆளிருக்கவில்லை. இன்று வவுனியாவிலிருந்து பயணம் போகிறவர், நாயை அயலவரிடமோ பராமரிப்பு விடுதியிலோ விட்டுச் செல்லலாம். அதுவும் அடைக்கலமே.

வீடு திரும்பிய நாலாம் நாள் நாய் சாப்பாட்டை வெறுக்கிறது. வாந்தி, இரத்தக் கழிச்சல். “இங்கே சுகமாகத்தானே இருந்தது?” என்பார் விடுதிக்காரர். அது பொய்யாக இராது. ஆனால், 1978இல் இனங்காணப்பட்ட பார்வோ வைரசு, தொற்றிய பின் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் வெளித்தெரியாது. மண்ணில் மாதக்கணக்கில் நிலைக்கும். வெறும் சவர்க்காரத்துக்கு அழியாது.

ஆகவே, தடுப்பூசி அட்டையைக் கேளாத இடத்தில் நாயை விடாதீர்கள். புறப்படும் நாளிற் போட்ட ஊசி உடனே காவலாகாது. சில வாரங்கள் முந்தியே போடவேண்டும். நோய் கண்டால் அன்றே மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். விடுதிக்கும் அறிவியுங்கள், அங்கே வேறொருவரின் அடைக்கலமும் இருக்கிறது.

கண்ணகிக்காகச் சொல்லக் கவுந்தியடிகள் இருந்தார். வாயில்லாச் சீவனுக்காக நாம்தான் சொல்லவேண்டும்.